நல்லது ரெண்டு, குறை ஒண்ணு

உக்காருங்க, உக்காருங்க. ஆளு வர்ற சீட்டுதானுங்க, ஆனா ஆளு வரல. கண்டக்டர்கிட்ட ரெண்டு டிக்கெட்டுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்பறம் ஒண்ணு போதும்னு வாங்குனேன். அந்தப் பையக் குடுங்க, நான் மடில வெச்சுக்கறேன். திருப்பூர் வரைக்குங்களா? நல்லதாப் போச்சு.

உங்களுக்குக் கீழ எத்தன பேரு வேலை பாக்கறாங்க? நாலு பேரா. அப்ப நீங்க இதக் கேட்டே ஆகோணும். எனக்குக் கீழ நூத்தி நாப்பது பேரு. பேரு திருமூர்த்தி. பனியன் கம்பெனில மேனேஜரு. எட்டு மாசமாச்சு. அதுக்கு முன்னால பன்னெண்டு வருசம் உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லுல, டைம் ஆபீஸ்ல இருந்தேன். யாரு எத்தன மணிக்கு உள்ள வந்தாங்க, எத்தன மணிக்கு வெளிய போனாங்க, அதப் பாக்கறதுதான் வேலை. மனுசங்களப் பத்தி எல்லாம் நான் அங்கதான் படிச்சனுங்க.

மேனேஜருன்னு சொன்னேன். நேத்து வரைக்கும் மேனேஜரு. இன்னைக்கு என்னன்னு திருப்பூர் போய்ச் சேந்தாத்தான் தெரியும். எங்க மொதலாளி ஒரு ஆளக் கூட்டீட்டு வான்னு அனுப்புனாரு. அந்த ஆளில்லாம நீ வரவே வேண்டாம்னாரு. நான் அந்த ஆளில்லாமத்தான் வந்துட்டிருக்கறேன்.

தப்பு என் மேல இல்லீங்க. அத மொதல்லயே சொல்லீடறேன். முறைப்படிதான் எல்லாம் பண்ணுனேன்.

போன மாசம் கோயமுத்தூர்ல ரெண்டு நாள் பயிற்சி. தலைமைப் பண்பு, பேச்சுத் திறன், ஆளுகள வெச்சு வேலை வாங்கறது எப்படி, இதெல்லாம். பெரிய ஓட்டலு, ஏசி ஹாலு, மத்தியானம் நாலு கூட்டோட சாப்பாடு. மொதலாளியே பேரு குடுத்து அனுப்பிச்சாரு. அவுருக்கு என்னைப் பத்தி ஒரு அபிப்பிராயம் இருந்துருக்குது பாருங்க. சர்டிபிகேட்டு குடுத்தாங்க. லேமினேட் பண்ணிக் கேபின்ல மாட்டியிருக்கறேன்.

மொத நாளு ஒரு விளையாட்டு. ஒருத்தர் கண்ணக் கட்டீட்டு, இன்னொருத்தர் வாயாலயே வழி சொல்லிக் கூட்டீட்டுப் போகோணும். நான் வழி சொன்னவரு செவுத்துல முட்டீட்டாரு. நெத்தி வீங்கிப்போச்சு. நான் சொன்னத அவரு சரியாக் கேக்கல.

அதுல ஒரு சார் சொன்னாருங்க. ஒருத்தர்கிட்டக் குறை சொல்லோணும்னா எடுத்ததும் குறையச் சொல்லக் கூடாது. மொதல்ல அவரப் பத்தி நல்லது ரெண்டு சொல்லோணும். அப்பறம் குறை ஒண்ணு. நல்லதச் சொல்றப்ப நாலு பேரு முன்னால சொல்லோணும். குறைய மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லோணும். ஆளு மனசு நோகாது, வேலையும் நடக்கும். இது உங்களுக்கும் ஆகும், மனசுல வெச்சுக்குங்க. எனக்கு அன்னைக்கே நெஞ்சுல ஒட்டிக்கிச்சு. இத்தன வருசம் இது தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு.

என்ன சொல்ல வந்தீங்க? இருங்க, இது முடியட்டும். நான் காது குடுத்துக் கேக்கற ஆளுதான். எனக்கு அது பொறப்புலயே இருக்குது. அந்தப் பயிற்சி சாரே சொன்னாரு.

திரும்பி வந்ததும் யார்கிட்ட ஆரம்பிக்கலாம்னு பாத்தேன். பெரிய ஆளுகிட்ட ஆரம்பிச்சாத்தான் மத்தவங்களுக்கு உறைக்கும். எங்க கம்பெனில கட்டிங் மாஸ்டரு நாச்சிமுத்துன்னு ஒருத்தரு. அம்பத்தெட்டு வயசு. இருபத்திரண்டு வருசமா அங்கயே இருக்காரு. துணி வந்து எறங்குனா மொதக் கை அவுரு கைதான். அவுரு வெட்டிக் குடுத்தாத்தான் டெய்லருங்க தைக்க முடியும். பேச்சு ரொம்பக் கம்மி. நான் போயி நின்னாலும் வணக்கம் வெச்சுட்டுத் துணியப் பாக்கப் போயிருவாரு.

அவருகிட்ட ஒரே ஒரு குறை. துணி ரோல் ரோலா வந்து எறங்கும். வந்த அன்னைக்கே வெட்ட மாட்டாரு. எல்லாத்தையும் பிரிச்சு, மடிப்பு மடிப்பாத் தளத்துல பரப்பிப் போட்டுட்டு, ஒரு முழு நாளு சும்மா வெச்சிருப்பாரு. அடுத்த நாளுதான் கத்தியவே எடுப்பாரு. நான் டைம் ஆபீஸ்ல இருந்து வந்தவன், எனக்குக் கண்ணு உறுத்துமா உறுத்தாதா? ஒரு நாளு கேட்டேன். "துணி தூங்கி எந்திரிக்கோணும் சார்"னாரு. துணி எங்கயாச்சும் தூங்குமாங்க? நீங்களே சொல்லுங்க. மொதலாளி அந்த நேரம் வெளிநாட்டுல. நானாப் பாத்து இதச் சரி பண்ணோணும்னு முடிவு பண்ணுனேன்.

ஆனா எடுத்ததும் குறை சொல்லக் கூடாதில்லைங்களா? நல்லது ரெண்டு தேடுனேன். ஒண்ணு, வருகைப் பதிவுல பாத்தேன். இருபத்திரண்டு வருசத்துல ஒரு நாளு லேட்டு இல்ல. அசந்து போனேன். அது பதிவுல இருக்கற விசயம், யாரும் மறுக்க முடியாது. ரெண்டாவது ஒண்ணு வேணும். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். கடைசில, இவரு கை மாதிரி ஒரு கை திருப்பூர்லயே இல்லைன்னு எழுதிக்கிட்டேன். அவுரு வெட்டி நான் நின்னு பாத்ததில்ல. என் கேபின் கண்ணாடி வாசல் பக்கம் பாத்திருக்குது. யாரு வர்றாங்க போறாங்கன்னு தெரியோணுமில்ல.

வெள்ளிக்கிழமை காலைல எங்க கம்பெனில பூசை. எல்லாக் கம்பெனிலயும் உண்டு, உங்களுக்குத் தெரியாததா. மெசினெல்லாம் நிறுத்தி, சூடம் காட்டி, பொரியும் தேங்காயும் குடுப்பாங்க. நூத்தி நாப்பது பேரும் ஒரே எடத்துல நிக்கற நேரம் அது ஒண்ணுதான். நாலு பேரு முன்னாலன்னு சார் சொன்னாரு, எனக்கு நூத்தி நாப்பது பேரு கெடச்சாங்க. ஒரு சின்ன அடையாளம் ஏதாச்சும் குடுத்தா நல்லதுன்னும் சொல்லியிருந்தாரு. என் கைக்காசுல ஒரு நல்ல துண்டா வாங்கி வெச்சிருந்தேன்.

சூடம் காட்டி முடிஞ்சதும், "நாச்சிமுத்து மாஸ்டர், முன்னால வாங்க"ன்னு கூப்பிட்டேன். வந்தாரு. துண்டப் போத்துனேன். இருபத்திரண்டு வருசத்துல ஒரு நாளு கூட லேட்டா வராத மனுசன்னு சொன்னேன். இவரு கை மாதிரி ஒரு கை திருப்பூர்லயே இல்லைன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டுங்கன்னேன்.

மொதல்ல யாருமே தட்டலீங்க. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்பறம் மெதுவா ஆரம்பிச்சாங்க. செக்கிங் பண்ற பொம்பளைங்க ரெண்டு மூணு பேரு முந்தானைல கண்ணத் தொடைக்கறாங்க. ஒரு டெய்லர்ப் பொண்ணு வந்து அவுரு கால்லயே விழுந்துருச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. பயிற்சிக்கு இவ்வளவு சக்தியான்னு நெனைச்சேன். மாஸ்டரு துண்ட ரெண்டு கைலயும் புடிச்சுட்டு அப்படியே நின்னாரு. கண்ணு கலங்கியிருச்சு. "ரொம்ப நன்றிங்க சார்"ன்னாரு. அவுரு என்கிட்டத் தானா வாயத் தொறந்து பேசுனதே அன்னைக்குத்தான்.

நான் காதோட சொன்னேன், "கேபினுக்கு வாங்க மாஸ்டர், ஒரு சின்ன விசயம் பேசோணும்"னு. குறையத் தனியாச் சொல்லோணுமில்ல.

கேபின்ல உக்காந்தேன். அவுருக்குன்னு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுட்டு, வாசலக் கூடப் பாக்காம, குறைய எப்படிச் சொல்றதுன்னு எழுதீட்டிருந்தேன். பத்து நிமிசம், இருவது நிமிசம், அரை மணி நேரம். ஆளு வரல. எந்திரிச்சு வந்து பாத்தா, துண்டுல கத்திரிக்கோலச் சுத்திக்கிட்டு, சாப்பாட்டுப் போசி ஒரு கைல, வாசல்ல வாட்சுமேன்கிட்டச் சொல்லீட்டுப் போயிட்டாராம்.

எனக்குக் கோவமான கோவம். மேனேஜர் கூப்பிட்டு வராமப் போறது என்ன மரியாதைங்க? பாராட்டுனதும் தலைக்கு ஏறிப்போச்சுன்னு நெனைச்சேன். மறுநாளு வரல. திங்கக்கிழமையும் வரல. ஃபோன் போடலாம்னு ஒரு மனசு. நாமளாக் கூப்பிட்டா எறங்கிப்போன மாதிரி ஆயிரும்னு ஒரு மனசு. போடல. அன்னைக்கே வேற ஒரு கட்டிங் ஆளப் புடிச்சுட்டேன்.

இப்பக் கேளுங்க, எனக்கு அப்பத் தெரியாத விசயம். எட்டு மாசத்துல எனக்கு எப்படித் தெரியும்? எங்க கம்பெனில ஆரையும் பாராட்டற வழக்கமே கெடையாது. வேலை நல்லா இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒண்ணும் சொல்லலைன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தம். யாரையாச்சும் வயசாயிருச்சுன்னு வீட்டுக்கு அனுப்பறன்னைக்கு மட்டும், வெள்ளிக்கிழமை பூசைல, முன்னால கூப்பிட்டுத் துண்டு போத்தி, நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லி, கை தட்டி அனுப்புவாங்க. பழைய வாட்சுமேனு அப்படித்தான் போனாராம். பொட்டி கட்ற அம்மா ஒண்ணு அப்படித்தான் போச்சாம்.

ஆக, நூத்தி நாப்பது பேரும் நான் நாச்சிமுத்த வீட்டுக்கு அனுப்பீட்டேன்னு முடிவு பண்ணீட்டாங்க. அவரும் அப்படியே நெனைச்சுட்டாரு. ஒருத்தரு, ஒரே ஒருத்தரு என்கிட்ட வந்து கேக்கலீங்களே! இத்தன பேரு மத்தில ஒருத்தருக்கும் மேனேஜர்கிட்டப் பேச வாய் இல்ல. பேச்சுத் திறன் இல்லாததுதான் நம்ம நாட்டுக்கே பிரச்சினை.

புது ஆளு கில்லாடிங்க. துணி வந்த அன்னைக்கே வெட்டிப்புட்டான். நான்தான் சொன்னேன், தூங்கறது கீங்கறதெல்லாம் வேண்டாம்னு. ஒரு லாட்டுத் துணிக்கு ஒரு நாளு மிச்சம். போர்டுல எழுதியே போட்டேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை அயர்ன் மாஸ்டரு வந்தாரு. இருதயராஜுன்னு பேரு, திண்டுக்கல் பக்கம். தெச்சு வர்ற டி-சர்ட்டுக்கு ஸ்டீம் அயர்ன் போடறது அவுரு செக்சன்.

"சார், இந்த லாட்டுல..."ன்னு ஆரம்பிச்சாரு.

கையக் காட்டி நிறுத்துனேன். "மாஸ்டர், முறைன்னு ஒண்ணு இருக்குது. நோட்டீசு ஒட்டியிருக்கறேன் பாக்கலையா? மொதல்ல நல்லது ரெண்டு சொல்லுங்க. அப்பறம் குறை."

"என்ன நல்லது சார்?"

"என்ன வேணாலும். மனசுல இருந்து வரோணும்."

பாவம் அவுரு, அப்படியே நின்னு கேபினச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. "ஃபேன் நல்லா ஓடுது சார்"ன்னாரு. ஒண்ணுன்னு வெரல மடக்குனேன். ரெண்டாவதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டாரு. என்னையவே மேலயும் கீழயும் பாத்தாரு. "சார் சட்டைக்கு அயர்ன் நல்லாப் போட்டிருக்குது"ன்னாரு.

எனக்குச் சந்தோசம் தாங்கலீங்க. அது என் சம்சாரம் போட்டது. அயர்ன் மாஸ்டரே சொல்றாருன்னா சும்மாவா? வீட்டுக்குப் போனதும் சொல்லோணும்னு நெனைச்சுட்டிருக்கறப்ப, மொதலாளி வெளிநாட்டுல இருந்து ஃபோனு. ஆளுகெல்லாம் இப்ப மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சுட்டாங்க சார்னு சொன்னேன். பேசி முடிச்சுத் திரும்பிப் பாத்தா இருதயராஜ் இல்ல. அங்க ஸ்டீம் போயிட்டிருக்குமில்ல, எத்தன நேரம் நிப்பாரு?

மறுநாளும் வந்தாரு. "ஃபேன் நல்லா ஓடுது சார், சட்டை..."ன்னு ஆரம்பிச்சாரு. நேத்துச் சொன்னதையே சொல்லக் கூடாது மாஸ்டர், யோசிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிச்சேன். அவுரு வளரோணும்னுதான் சொன்னேன். மூணாம் நாளு அவுரு வரல.

என்னங்க சிரிக்கறீங்க? ஓ, தும்மலா. சன்னலச் சாத்திக்குங்க.

நேத்து சனிக்கிழமை. மொதலாளி ஊர்ல இருந்து வந்து எறங்குன அன்னைக்கே, சரக்கு வாங்கறவங்க பக்கத்துல இருந்து இன்ஸ்பெக்சனுக்கு ஆளு வந்தாங்க. ஆறாயிரம் பீசு பொட்டில போட்டு ரெடியா இருக்குது. ஒண்ண எடுத்து டேப்பு வெச்சாங்க. நீளம் ஒரு இஞ்சு கம்மி. இன்னொண்ண எடுத்தாங்க. அதுவும் ஒரு இஞ்சு கம்மி. பத்துப் பீசு பாத்துட்டு டேப்பச் சுருட்டி வெச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க.

மொதலாளி இருதயராஜக் கூப்பிட்டாரு. அவுரு ஒரே மூச்சுல சொல்லீட்டாருங்க. மில்லுல இருந்து துணி இழுத்துச் சுருட்டி வருது, பிரிச்சு ஒரு நாளு போட்டு வெச்சாத்தான் இழுப்பு விட்டு அது பழைய நெலைக்கு வரும், அப்படி விடாம வெட்டுனா ஸ்டீம் படறப்பச் சுருங்கீரும், மொத நூறு பீசுலயே பாத்துட்டேன், சொல்ல வந்தேன் சார்னாரு. நல்லது ஒண்ணு கூடச் சொல்லல. மொதலாளியும் கேக்கல.

"நாச்சிமுத்து எங்கய்யா?"ன்னாரு.

"அவரத்தான் மேனேஜர் சாரு பாராட்டி அனுப்பீட்டாருங்களே"ன்னு பின்னால இருந்து ஒரு பொம்பளச் சத்தம்.

அப்பத்தானுங்க எனக்கே தெரியும்.

மொதலாளி சத்தம் போடுவாருன்னு பாத்தேன். போடல. "இன்னும் பாதித் துணி வெட்டாமக் கெடக்குது. அவரு வந்து கை வெச்சாத்தான் அதையாச்சும் காப்பாத்த முடியும். நாளைக்குப் போயிக் கூட்டீட்டு வா. அவரில்லாம நீ வரவே வேண்டாம்"னாரு. என்கிட்டப் பேசறப்ப அவுரு அந்த ஆறாயிரத்தத்தான் பாத்துட்டிருந்தாரு.

சரி, அதுக்குத்தான் இன்னைக்குக் காலைல தாராபுரம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸப் புடிச்சு அவுரு ஊருக்குப் போனேன். வீட்டைக் கண்டுபுடிக்கறது செரமமே இல்ல. வாசல்ல பந்தக்காலு நின்னுச்சு. துணியெல்லாம் கழட்டியாச்சு, காலு மட்டும் இன்னும் புடுங்கல. கல்யாணமான்னு பக்கத்து வீட்டுல கேட்டேன். இல்லீங்க, நாச்சிமுத்தண்ணன் வேலைல இருந்து வந்ததுக்கு விருந்துன்னாங்க.

அவுரு சம்சாரம் தெய்வானைன்னு பேரு. என்னை யாருன்னு சொன்னதும் அந்தம்மா மொகத்தப் பாக்கோணுமே! "மேனேஜருங்களா? நீங்கதானுங்களா அது?"ன்னு நாற்காலியத் தொடச்சுத் தொடச்சுப் போடறாங்க. "எலையப் போடட்டுங்களா? சாப்பிட்டுத்தான் போகோணும்"ங்கறாங்க. "எழுவது பேரு வந்தாங்க சாமி. ஒறம்பரை, சொந்தபந்தம் பூராவும் வந்துட்டுது. இவரு தம்பி மைக்கு வெச்சு நீங்க சொன்னத அப்படியே சொன்னாருங்க. ஒரு நாளு லேட்டு இல்ல, இவரு கை மாதிரி ஒரு கை திருப்பூர்லயே இல்லைன்னு. இவரு பொண்ணு மாமியா வீட்டுல இருந்து வந்திருந்துச்சு, அது அழுத அழுகை!"

பாருங்க, நான் சொன்ன ரெண்டு வார்த்தை ஒரு ஊரையே சுத்தி வந்திருக்குது. நாளைக்கே அந்தப் பயிற்சி சாருக்கு எழுதிப் போடலாம்.

மாஸ்டரு தோட்டத்துல இருந்து வந்தாரு. ஆளு முன்ன விட நல்லா இருக்காரு. என்னைப் பாத்ததும் சிரிச்சாரு. கம்பெனில அவுரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எலை போட்டுச் சாப்பாடு. கூடவே உக்காந்து அவுரும் சாப்பிட்டாரு. சாப்பிட்டு முடிச்சு நான் விசயத்துக்கு வந்தேன். மாஸ்டர், நீங்க திரும்ப வரோணும், துணி கெடக்குதுன்னேன்.

"இனி எப்படிங்க சார் வர்றது?"ன்னாரு. கூச்சமாத்தான் சொன்னாரு. "ஊருக்கே விருந்து போட்டாச்சு. எங்கப்பன் ஆத்தா கூட என்னைய நல்லாச் சொன்னதில்லீங்க. இருபத்திரண்டு வருசம் வெட்டுனேன், ஒரு நாளைக்கு ஒருத்தரு சொன்னாரு. அத வாங்கீட்டு வந்துட்டனுங்க. அது போதுங்க எனக்கு. இப்பத் திரும்ப வந்து நின்னா அது இல்லைன்னு ஆயிருமில்லீங்களா?"

நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க. என் வேலை போயிரும். உண்மையச் சொன்னா வந்துருவாருன்னு நெனைச்சேன். "மாஸ்டர், உங்கள அனுப்பறதுக்கு நான் பாராட்டவே இல்ல. உங்ககிட்ட ஒரு குறை இருந்துச்சு. அதச் சொல்றதுக்குத்தான் மொதல்ல அந்த ரெண்டும் சொன்னேன். நீங்க கேபினுக்கு வந்திருந்தீங்கன்னா குறையையும் சொல்லியிருப்பேன், இத்தன செரமமே இல்ல"ன்னேன்.

"என்ன குறைங்க சார்?"

"துணிய ஒரு நாளு போட்டு வெக்கறீங்கன்னு."

தெய்வானையம்மா எலை எடுத்துட்டிருந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க.

மாஸ்டரு அந்தம்மாளத் திரும்பிப் பாத்தாரு. அப்பறம் கேட்டாரு, "அப்ப அந்த ரெண்டும், இத என்கிட்டச் சொல்றதுக்காவச் சொன்னதுங்களா?"

"ஆமாங்க மாஸ்டர். அதுதான் முறை."

நான் பொய் சொல்லலீங்க. என் மேல ஆயிரம் சொல்லலாம், பொய் சொன்னேன்னு ஒருத்தரு சொல்ல முடியாது.

அவுரு தலைய ஆட்டுனாரு. ரெண்டு மூணு தடவை ஆட்டுனாரு. "ஊர்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லீட்டனே"ன்னாரு. என்கிட்டச் சொல்லல, சும்மா சொன்னாரு. எந்திரிச்சுப் போயிக் கையக் கழுவுனாரு. ஏற்கெனவே கழுவுன கை. தண்ணி மொண்டு மொண்டு ஊத்திக் கழுவீட்டே இருந்தாரு. திரும்பி வந்து நின்னு, மொகத்தப் பாக்காமச் சொன்னாரு: "மீதித் துணிய நாளைக்குக் காலைல பிரிச்சுப் போடச் சொல்லுங்க சார். பத்து மடிப்புக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்க வேண்டாம், கீழ இருக்கறது அமுங்கிக்கும். புது ஆளு நல்ல ஆளாத்தான் இருப்பான், அவங்கிட்டச் சொன்னாப் புரிஞ்சுக்குவான்." சொல்லீட்டு உள்ள போயிட்டாரு. அவ்வளவுதானுங்க.

தெய்வானையம்மாதான் வாசல் வரைக்கும் வந்தாங்க. மொதல்ல பேசுன குரலே இல்ல. "பதினஞ்சு நாளா அந்த ரெண்டு வார்த்தையத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லீட்டிருந்தாருங்க. காப்பி குடிக்கறப்பச் சொல்லுவாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டறப்பச் சொல்லுவாரு. இப்ப அதும் போச்சு. நீங்க வராமயே இருந்திருக்கலாம். ரெண்டேகாலுக்குப் பஸ்ஸு இருக்குது, கெளம்பிப் போங்க"ன்னாங்க.

செருப்ப எடது வலது மாத்திப் போட்டுட்டு நடந்தனுங்க. பாதி வழிலதான் தெரிஞ்சுது. முறைப்படி பண்ணுன ஒருத்தனுக்குச் செருப்பு ஏன் மாறோணும்? பஸ் ஸ்டாப்புல நின்னு ஒரு சோடா குடிச்சேன். அவுரு வெட்டறத ஒரே ஒரு நாளு நின்னு பாத்திருந்தா, இப்ப நெசந்தான் மாஸ்டர்னு சொல்லியிருக்கலாம். இதப் பயிற்சில யாருமே சொல்லிக் குடுக்கல.

இருங்க, ஃபோனு. மொதலாளி. பாருங்க, கூப்பிட்டுட்டாரு.

இல்ல, எடுக்கறேன். இதுக்கும் ரெண்டு யோசிச்சு வெச்சிருக்கறேன். வீட்டைக் கண்டுபுடிச்சது ஒண்ணு. மாஸ்டரு நல்லா இருக்காருங்கறது ரெண்டு. அப்பறம் மெதுவா மூணாவது.

அலோ. சார், வணக்கம் சார். பஸ்லதான் சார். குண்டடம் தாண்டியாச்சு. சார், மொதல்ல ஒரு நல்ல விசயம், வீடு வந்து... இல்லீங்க சார். ஆமாங்க சார். கூட... இல்லீங்க சார். வரலீங்க. அவரு வர மாட்டாருங்க சார். நான்தானுங்க கெடுத்தேன். மிச்சம் இருந்ததையும் நான் பேசித்தான் கெடுத்தேன். நாளைக்குத் துணிய எப்படிப் போடோணும்னு சொல்லி விட்டிருக்காருங்க, பத்து மடிப்புக்கு மேல வேண்டாமாம். அது மட்டும் சொல்லீடறேன். சரிங்க சார். சரிங்க.

வெச்சுட்டாருங்க.

என்ன சொன்னாருன்னு கேக்கறீங்களா? "எட்டு மாசத்துல இத ஒண்ணாச்சும் சுத்தி வளைக்காமச் சொன்னியேய்யா"ன்னாரு. அவ்வளவுதான்.

ஏனுங்க, நீங்களும் நாலு பேர வெச்சு வேலை வாங்கறவரு, சொல்லுங்க. இது நல்லதுல சேருங்களா, குறையில சேருங்களா? நல்லதுன்னா இன்னும் ஒரு நல்லது பாக்கி இருக்குதுங்க, அப்பறந்தான் குறை. அதுதான் ஃபோனப் பைல போடாம வெச்சிருக்கறேன்.